இஞ்சி எப்படி ஜிஞ்சர் ஆனது: ஒரு வண்ணாரப்பேட்டை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஞாயிறுதோறும் காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இஞ்சி பூண்டு விழுது வந்த காலி உறையைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து என் மேசையில் வைத்தாள். அதில் ‘ஜிஞ்சர் கார்லிக் பேஸ்ட்’ என்று தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தது. “டீச்சர், இஞ்சியும் ஜிஞ்சரும் ஒரே சொல்லா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து தெருவுக்குப் போய், கொத்தவால் சாவடி மளிகைக் கடைவரை போய், ஒவ்வொரு வாரமும் வேறு உருவில் என்னிடம் திரும்பி வருகிறது. வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்து எழுதியிருக்கிறேன்.

ஜிஞ்சர் தமிழ்ச் சொல்லா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் பாதி பொய்யாகிவிடும். ஆங்கிலேயர் இந்தச் சொல்லைத் தமிழரிடமிருந்து நேரே வாங்கவில்லை. லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வாங்கினார்கள். அவர்கள் சென்னைக் கரையில் கால் வைப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது அவர்கள் மொழியில் இருந்தது. ஆனால் அந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனால், நம் இஞ்சி பிறந்த அதே திராவிட வீட்டு வாசலில் போய் நிற்கிறோம் என்று மொழியியலாளர் பலரும் ஏற்கிறார்கள். இஞ்சியும் ஜிஞ்சரும் தாயும் மகளும் ஆகமாட்டார்கள். ஒரே பாட்டியின் இரண்டு பேத்திகள் என்றால் சரியாக இருக்கும்.

அந்தப் பாட்டி வீடுவரை போகும் வழியைப் படிப்படியாகக் காட்ட முடியுமா?

முடியும். இன்றைய ஜிஞ்சரிலிருந்து புறப்படுவோம். இடைக்கால ஆங்கிலத்தில் இது ‘ஜிஞ்சிவெரெ’ என்பது போன்ற நீண்ட சொல்லாக இருந்தது. வாயில் புழங்கிப் புழங்கி நடு அசை தேய்ந்துதான் ஜிஞ்சர் ஆயிற்று. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு அங்கே செல்வாக்குப் பெற்றது. அந்தப் பழைய பிரெஞ்சில் இதன் பெயர் ‘ஜிஞ்ஜிப்ர’. அதற்கும் முன்பே, பழைய ஆங்கில மருத்துவக் குறிப்புகளில் ‘ஜிஞ்சிஃபர்’ என்று இருக்கிறது. அது லத்தீனிலிருந்து நேரே வந்தது. ஆக, ஒரே சொல் ஒரே நாட்டுக்குள் இரண்டு வாசல் வழியாக நுழைந்திருக்கிறது.

இரண்டு வாசலுக்கும் பின்னால் இருப்பது பிற்கால லத்தீனின் ‘ஜிஞ்ஜிபெர்’. அதற்குப் பின்னால் முற்கால லத்தீனின் ‘ஸிங்கிபெரி’. இந்த முதலெழுத்தைத் தொண்டை அதிரச் சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து இல்லை. கி.பி. 79இல் இறந்த ரோம அறிஞர் பிளினி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மிளகுச் செடியின் வேர்தான் இது என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு என்று திருத்துகிறார். விலையும் சொல்கிறார்: ஒரு ராத்தல் 6 தெனாரி (ரோம வெள்ளிக்காசு). கறுப்பு மிளகு அதே எடை 4 தெனாரிதான். ஆனால் இஞ்சி விளையும் இடம் அரேபியா என்று எழுதுகிறார். சரக்கு அரபுக் கரை வழியாக வந்ததால், அங்கேயே விளைகிறது என்று ரோமில் நம்பிவிட்டார்கள். கொத்தவால் சாவடியில் வாங்கிய இஞ்சி கொத்தவால் சாவடியில் விளைந்தது என்று ஒரு குழந்தை நினைப்பதைப் போலத்தான்.

லத்தீனுக்குச் சொல்லைக் கொடுத்தது கிரேக்கம். அதே முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதேஸ் ‘ஸிங்கிபெரிஸ்’ என்று எழுதுகிறார். அங்கிருந்து ஒரு படி பின்னால் வைத்தால் இந்தியா. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இஞ்சிக்குப் பெயர் ‘சிங்கிவேர’.

வகுப்பில் இந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன். சில நொடிகள் போகும். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: “வேர்!” உடனே எல்லோரும் கத்துவார்கள். வகர ஒலி கிரேக்கத்துக்குப் போகும்போது பகரத்தின் மெல்லிய ஒலியாகிவிட்டது. வங்காளம், பெங்கால் என்று நாம் இரண்டையும் சொல்கிறோமே, அதே உறவு. சிங்கிவேர, ஸிங்கிபெரிஸ், ஜிஞ்ஜிபெர், ஜிஞ்சர். ஒவ்வொரு படியிலும் மாற்றம் மிகச் சிறியது.

ஏன் பின்னோக்கியே போகச் சொல்கிறீர்கள்? இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது. நம் தண்டையார்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலில் அணியும் தண்டையால் வந்த பெயர் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒலி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். ‘டோண்டியார்பெட்’ என்று இருக்கும். ‘தொண்டி’ அங்கே அப்படியே உறைந்து நிற்கிறது. ராமநாதபுரத்துக் கடற்கரை ஊரான தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிய சூஃபிப் பெரியவர் குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று மக்கள் அழைத்தார்கள், அதனால்தான் தொண்டியார்பேட்டை என்று ஊரார் வழிவழியாகச் சொல்கிறார்கள். பொருள் மறந்ததும் வாய் தனக்குத் தெரிந்த வேறு சொல்லை அந்த இடத்தில் வைத்துவிட்டது. எழுத்தில் கிடைக்கும் பழைய வடிவம்தான் நம்மைக் காப்பாற்றியது. எந்தச் சொல்லுக்கும் இதுவே வழி: கிடைப்பதில் பழைய வடிவத்தைத் தேடு, அதற்கும் பழையதைத் தேடு, நடுவில் தாவாதே.

இணையத்தில் தேடினால் ஜிஞ்சர் சமஸ்கிருதச் சொல் என்று வருகிறதே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. நிதானமாகச் சொல்கிறேன்.

வடமொழியில் இஞ்சிக்கு ‘சிருங்கவேரம்’ என்று ஒரு பெயர் உண்டு. சிருங்கம் என்றால் கொம்பு. ரிஷ்யசிருங்கர் கதையில் முனிவரின் தலையில் மான்கொம்பு இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். வேரம் என்றால் உடல். எனவே ‘கொம்பு போன்ற உடல் உடையது’ என்று விளக்கம் சொன்னார்கள். பல ஆங்கில அகராதிகள் நெடுங்காலம் இதையே அச்சிட்டன. கையில் ஓர் இஞ்சித் துண்டை எடுத்துப் பார்த்தால் விளக்கம் பொருத்தமாகவே தெரியும். மண் ஒட்டிய அந்தக் கிளைகள் மான்கொம்பு மாதிரிதான் இருக்கின்றன. அதனால்தான் இதை ஒதுக்கித் தள்ளுவதற்கு முன் காரணம் கேட்க வேண்டும்.

காரணம் ஓர் இகரத்தில் இருக்கிறது. பாலியில் கொம்புக்குச் சொல் ‘சிங்க’. இஞ்சிக்குச் சொல்லோ ‘சிங்கிவேர’. கொம்பிலிருந்து பிறந்திருந்தால் ‘சிங்கவேர’ என்று வந்திருக்க வேண்டும். கிரேக்கத்திலும் ஸிங்‘கி’பெரிஸ் என்று அந்த இகரம் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. நம் இஞ்சியின் முடிவிலும் அதே இகரம். பின்பாதியைப் பாருங்கள். ‘உடல்’ என்ற பொருளில் வேரம் என்பது வடமொழியில் மிக அரிதான சொல். தமிழிலும் மலையாளத்திலும் வேர் என்பது அன்றாடச் சொல். தரைக்கு அடியில் தோண்டி எடுக்கும் ஒரு பொருளின் பெயரில் வேர் இருப்பதற்கு விளக்கமே தேவையில்லை. தொண்டியார் தண்டையார் ஆனதுபோல, வெளியிலிருந்து வந்த ஒரு சொல்லை வடமொழியாளர் தமக்குப் பொருள் விளங்கும்படி கொம்பும் உடலுமாகத் திருத்திக்கொண்டார்கள் என்பதே நான் நம்பும் விளக்கம். இந்த ஒரு சொல்லுக்காகவே ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1952இல் தனி நூல் எழுதினார் என்றால், இது எவ்வளவு அலசப்பட்ட விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திராவிட மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்ற வாதம் சான்றுகளோடு முதலில் அச்சேறியது நம் சென்னையில்தான். 1816இல், சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், ஒரு தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரைப் பகுதியில் அதை எழுதினார். கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கண நூல் வருவது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து, 1856இல். அந்த அடித்தளம் இல்லாவிட்டால் இஞ்சியைப் பற்றி இப்படிக் கேள்வி கேட்கவே யாருக்கும் தோன்றியிருக்காது.

(குகன் வாழ்ந்த கங்கைக்கரை ஊரின் பெயர் நினைவிருக்கிறதா? வடமொழியில் சிருங்கவேரபுரம். கம்பர் சிருங்கிபேரம் என்கிறார். இஞ்சிக்கும் அந்த ஊருக்கும் வடமொழியில் ஒரே பெயர். காசிமேட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் படகோட்டி குகனை மிகவும் பிடிக்கும் என்பதால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.)

பாலியில் சிங்கி, தமிழில் இஞ்சி. முதலில் இருந்த சகரம் எங்கே போயிற்று?

தமிழில் சொல்முதல் சகரம் உதிர்வது பழைய வழக்கம். சிறகு, இறகு; சிப்பி, இப்பி. இந்த இணைகள் தமிழுக்குள்ளேயே இருக்கின்றன. வெளியிலிருந்து வந்தவற்றுக்கும் அதே கதிதான். சமணர் அமணர் ஆனார்கள். கன்னடர் ‘சாவிர’ என்று சொல்லும் எண்ணை நாம் ஆயிரம் என்கிறோம். இரண்டும் வடசொல் சகஸ்ரத்திலிருந்து வந்தவை. சிராவணம் ஆவணி ஆயிற்று. எனவே ஒரு காலத்தில் இஞ்சிக்கும் முன்னால் சகரம் இருந்தது, அது இருந்த காலத்திலேயே சொல் வடக்கே போய்விட்டது என்று கொள்கிறார்கள். நம் வீட்டில் உதிர்ந்த எழுத்து, வெளியூர் போன பேத்தியிடம் பத்திரமாக இருக்கிறது.

ஒரு தந்தை என்னை விடாமல் கேட்டார்: “ஆயிரத்தைப் போல இஞ்சியையும் நாம்தான் வடக்கிலிருந்து கடன் வாங்கினோம் என்று சொல்லிவிடலாமே?” நல்ல கேள்வி. அங்கேதான் வேர் நமக்குத் துணை வருகிறது. சொல்லின் பின்பாதி தெளிவாகத் திராவிடம் என்னும்போது, முன்பாதியும் அதே வீட்டிலிருந்து சேர்ந்து புறப்பட்டது என்பதுதான் எளிய விளக்கம்.

ஜெர்மன் மொழியில் இஞ்சியை ‘இங்வேர்’ என்கிறார்களாமே! தமிழிலிருந்து நேரே போனதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்படிச் சொல்லும் காணொளியை எனக்கும் பத்துப் பேர் அனுப்பிவிட்டார்கள். முதன்முறை கேட்டபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் ஒரே ஒரு படி பின்னால் போனால் போதும். பழைய ஜெர்மனில் அது ‘கிங்கிபெரோ’. முதலில் ககரம் இருக்கிறது. அதாவது லத்தீனின் ஜிஞ்ஜிபெர் குடும்பத்துச் சொல்தான். அந்த முதலெழுத்து பிற்காலத்தில் ஜெர்மனியிலேயே உதிர்ந்து இங்வேர் ஆயிற்று. தமிழில் சகரம் உதிர்ந்ததும், ஜெர்மனில் ககரம் உதிர்ந்ததும் தனித்தனி நிகழ்ச்சிகள். இரண்டு ஆறுகள் வேறு வேறு மலையில் பிறந்து ஒரே மாதிரி வளைவதில்லையா, அப்படி. சிங்களத்திலும் ‘இங்குரு’ என்கிறார்கள். அங்கேயும் சகரம் தானாகவே உதிர்ந்திருக்கிறது. ஒலி மிக நெருங்கி வரும் இடத்தில்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

குர்ஆனில் இஞ்சி வருகிறதாமே?

மண்ணடியிலிருந்து வரும் ஒரு மாணவன் கேட்டது. வருகிறது. 76ஆம் அத்தியாயத்தின் 17ஆம் வசனத்தில், சொர்க்கத்தில் தரப்படும் பானத்தில் ‘ஸன்ஜபீல்’ கலந்திருக்கும் என்று இருக்கிறது. அது இதே குடும்பத்துச் சொல். பாரசீகம், சிரியாக் போன்ற மேற்காசிய மொழிகள் வழியாக அரபிக்குப் போனது. ஆக, கிரேக்கக் கிளை ஒன்று, அரபுக் கிளை ஒன்று.

நம் பழைய நூல்களில் இஞ்சி உண்டா?

மதுரைக்காஞ்சியில் உண்டு. மலையில் விளைபவற்றைச் சொல்லும்போது இஞ்சி, மஞ்சள், மிளகு மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் சங்க நூல்களில் இஞ்சி என்று கண்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். கோட்டை மதிலுக்கும் இஞ்சி என்றே பெயர். புலவர் ‘ஓங்கிய இஞ்சி’ என்கிற பொருளில் பாடினால் அது மதில். நம் வால்டாக்ஸ் சாலையின் பெயரிலும் ஒரு மதில் ஒளிந்திருக்கிறது: 18ஆம் நூற்றாண்டில் கறுப்பர் நகரை (இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியை) சுற்றி எழுப்பிய மதிலுக்காக மக்களிடம் வரி வாங்க எண்ணினார்கள், அந்த ‘வால் டாக்ஸ்’ சாலைக்குப் பெயராகிவிட்டது.

‘ஜிஞ்சிலி ஆயில்’ என்று நல்லெண்ணெய் டின்னில் போடுகிறார்களே, அதுவும் ஜிஞ்சரின் உறவா?

இல்லை. எள்ளுக்குப் போர்த்துக்கீசியர் வைத்திருந்த ‘ஜெர்ஜெலிம்’ என்ற பெயரிலிருந்து வந்தது. அவர்களுக்கு அது அரபியின் ‘ஜுல்ஜுலான்’ வழியாகக் கிடைத்தது. செஞ்சிக் கோட்டையை ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சி’ என்று எழுதுவதும் இதற்குத் தொடர்பில்லாதது. ‘பூப்போல, மெல்ல’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் ‘ஜிஞ்சர்லி’ கூட இஞ்சிக்கு உறவில்லை. மென்மையைக் குறிக்கும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததாகத்தான் கருதுகிறார்கள்.

அப்படியானால் எட்டு, ‘எயிட்’ ஆனது என்பது?

இதை மறுக்கும்போது பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் மறுக்கிறேன். பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். எயிட் பழைய ஆங்கிலத்தில் ‘எயாஹ்தா’. நடுவில் தொண்டையில் உரசும் ஓர் ஒலி இருந்தது. இன்று ஒலிக்காமல் எழுத்தில் மட்டும் நிற்கும் ‘ஜி’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகள் அதன் சுவடு. ஜெர்மனில் ‘ஆக்ட்’, லத்தீனில் ‘ஒக்தோ’, வடமொழியில் ‘அஷ்ட’. இந்தப் பக்கம் நம் எட்டைப் பாருங்கள். எண்பது, எண்ணூறு, எண்திசை. வேர் ‘எண்’. கன்னடத்தில் ‘எண்டு’. பழைய காலத்துக்குப் போகப் போக ஒருபக்கம் ஒக்தோ, மறுபக்கம் எண். உண்மையான உறவு என்றால் பின்னே போகப் போக நெருங்க வேண்டும். இங்கே விலகுகின்றன.

மிளகுக்கும் ஆங்கிலப் ‘பெப்பரு’க்கும் தொடர்பு உண்டா?

மிளகுக்கு இல்லை, திப்பிலிக்கு உண்டு. வடமொழியில் திப்பிலியின் பெயர் ‘பிப்பலி’. அது கிரேக்கத்தில் ‘பெபெரி’ ஆகி, லத்தீன் வழியாகப் பெப்பர் ஆயிற்று. போகிற வழியில் திப்பிலியின் பெயர் மிளகுக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்தமுறை நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் 10 ரூபாய்க்குத் திப்பிலி வாங்கி மிளகோடு பக்கத்தில் வைத்துக் கடித்துப் பாருங்கள். ஏன் ஒட்டிக்கொண்டது என்று நாக்கே சொல்லும்.

இதையெல்லாம் நாங்களே சரிபார்க்க வேண்டுமானால்?

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் அகராதியில் தொடங்குங்கள். பிறகு பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி. 1961இல் முதலில் வந்தது, திருத்திய பதிப்பு 1984இல். இரண்டையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் காசில்லாமல் பார்க்கலாம். இந்திய வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்கு 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு நடுவில் யாரும் இல்லாமல் போன சொல் ஒன்றாவது சொல்லுங்கள்.

கட்டுமரம். 1697இல் அச்சான தன் பயண நூலில் மாலுமி வில்லியம் டாம்பியர், சோழமண்டலக் கரையில் மரத்துண்டுகளால் ஆன மிதவைகளை ‘கட்டமரன்’ என்று அழைப்பதாக எழுதுகிறார். கட்டு, மரம் இரண்டும் அப்படியே தெரிகின்றன. சங்கிலிக்கு ஒரே ஒரு கண்ணிதான். பொருள்தான் பிறகு மாறிவிட்டது. 1876இல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு ஒன்றைக் கட்டினார். அந்த வகைப் படகுகளுக்குக் கட்டமரன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்பவர் மனத்தில் வருவது இரட்டைப் படகுதான்.

போன மாதம் பிள்ளைகளைக் காசிமேட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். துறைமுகம் முழுக்க விசைப்படகும் ஃபைபர் படகும். கட்டுமரம் எப்படிக் கட்டுவார்கள் என்று ஒரு பெரியவரிடம் கேட்டோம். அவர் கீழே கிடந்த கயிற்றை எடுத்து, இரண்டு விறகுக் கட்டைகளைச் சேர்த்துவைத்து, குறுக்கும் நெடுக்கும் இழுத்து முடிச்சிட்டுக் காட்டினார். பாக்கெட் உறை கொண்டுவந்த அந்தப் பெண் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது கட்டு, இது மரம்” என்றாள்.